கோலவுருவும் கூலியும்: நீர்வேலியிலிருந்து பத்திக் கலையை நோக்கல்

துணியொன்றின் மீது வரையப்படும் கொடியும் பூவும் அன்னமும் எக்காலத்துக்கும் எல்லா மக்களுக்கும் பொதுவான அழகுணர்வின் வெளிப்பாடுகள் என்னும் கருத்து நம்மிடையே இன்னும் செல்வாக்குடன் நிலவுகின்றது. கைப்பணிக் கண்காட்சி மலர்களிலும் சுயதொழிற் பயிற்சிக் கைந்நூல்களிலும் ‘மரபுவழி அலங்காரங்கள்’, ‘எமது பண்பாட்டுச் சின்னங்கள்’ என்னும் தொடர்கள் ஆராயப்படாமலே கையாளப்படுகின்றன. யாருடைய மரபு, எத்தகைய உற்பத்தி உறவுகளுள் உருவான சின்னம், அதனை வரைந்த கை எது, உடுத்த உடல் எது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. பத்திக் எனப்படும் மெழுகுத் தடுப்புச் சாயக்கலையை முன்னிறுத்தி இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துணியில் மீண்டும் மீண்டும் வந்து முழு அலங்காரத்தையும் கட்டியெழுப்பும் அடிப்படை உருவத்தைக் கோலவுரு என இங்குக் குறிப்பிடுகின்றேன்.

நீர்வேலியை நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியிற் கோப்பாயை அடுத்துக் கிடக்கும் இவ்வூர், இலக்கிய வரலாற்று மாணவருக்குச் சங்கர பண்டிதரின் (1829–1870) ஊர்; சந்தை வியாபாரிக்கு வாழைக்குலையின் ஊர். வடமொழியும் சைவ சித்தாந்தமும் கற்ற பண்டிதர் மரபு ஒருபுறம். சுண்ணாம்புக்கற் படையைக் குடைந்த கிணறுகளிலிருந்து நீர் இறைத்துச் செம்மண்ணிற் கதலியும் இதரையும் கப்பலும் வளர்த்த உழைப்பு மரபு மறுபுறம். ‘நமது மண்ணின் தாவரங்களையும் விலங்குகளையும் பண்பாட்டையும் தழுவிக் கோலவுரு அமையுங்கள்’ என்று பத்திக் பயிலும் பெண்ணொருத்தியிடம் கூறும்போது, இவ்விரண்டு நீர்வேலிகளுள் எதை வரையச் சொல்கின்றோம்?

ஈழத்திற் கோலவுரு பற்றிய முறையான ஆய்வு ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ (1908) என்னும் நூலோடு தொடங்குகின்றது. வில்லியம் மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே இந்நூல் அச்சாயிற்று என்பது வெறும் அச்சுவரலாற்றுச் செய்தி அன்று. மொறிஸ் பொதுவுடைமையாளர். துணிக்கும் சுவர்த்தாளுக்கும் இங்கிலாந்தின் வேலியோரச் செடிகளையும் தோட்டத்துப் பறவைகளையும் கோலவுருக்களாக்கியவர். அதற்காகத் தாமே நீலத்தொட்டியிற் கைநனைத்துச் சாயமிடக் கற்றவர். உழைப்பில் இன்பம் அற்றுப்போன சமுதாயத்தில் அலங்காரம் பொய்யாகிவிடும் என்பது அவரது அடிப்படைக் கருத்து. அவர் வழிவந்த குமாரசுவாமி, கண்டி இராச்சியத்துக் கைவினைஞரின் லியவெல, அன்னம், நாரிலதா முதலிய கோலவுருக்களைப் பட்டியலிட்டதோடு நில்லாமல், அக்கைவினைஞர் எத்தகைய நிலமானியத்தின் கீழ் எவருக்குச் சேவை புரிந்தனர் என்பதையும் எழுதினார். ஆயினும் அவர் அந்த நிலவுடைமை உறவைப் பொற்காலமாகவே கண்டார். அக்கைவினைஞன் தான் வரைந்த கொடியை வரையாதிருக்கும் உரிமை உடையவனாக இருந்தானா என்று அவர் கேட்கவில்லை.

பத்திக்கின் தாயகமாகக் கருதப்படும் யாவாவை நோக்கினால் இவ்வினாவின் பொருள் விளங்கும். யாவாவின் மிகப் பழைய கோலவுருக்களுள் ஒன்று ‘கவுங்’. நான்கு நீள்வட்டங்கள் ஒரு மையத்தைச் சூழ்ந்து நிற்கும் இவ்வுரு, சர்க்கரைப் பனையின் காயைக் குறுக்கே வெட்டினால் தோன்றும் வடிவத்தைத் தழுவியது என்பர். வயிற்றுக்குச் சோறு தந்த மரமொன்று துணியேறிய கதை இது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் சுரகர்த்தா, யோக்யகர்த்தா அரசவைகள் சில கோலவுருக்களை அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் மட்டுமே உடுக்கலாம் எனக் கட்டளை பிறப்பித்தன. வாள்முனை போற் சரிந்தோடும் ‘பராங் ருசாக்’ அவ்வாறு தடைசெய்யப்பட்டவற்றுள் தலையாயது. கவுங் உருவும் அத்தடையிற் சிக்கியது. பனங்காயைப் பறித்தவனும் மெழுகு வரைந்தவளும் அதை உடுத்தல் ஆகாது. துணியின் அழகே இங்கு வர்க்கத்தின் வேலியாயிற்று.

யாழ்ப்பாணத்தவர் இதனை யாவாவின் விநோதமாகக் கருத வேண்டியதில்லை. கோலவுருவின் மூலம் அங்கு செய்யப்பட்டதை இங்கு துணியின் அளவின் மூலமே செய்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிதலும் ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி தழைய உடுத்தலும் தோளிற் சால்வை இடுதலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலுங்கூடத் தடுக்கப்பட்டன, மீறியோர் தாக்கப்பட்டனர். வண்ணார் வெளுத்த துணியை விதானமாகக் கட்டும் ‘வெள்ளை கட்டுதல்’ என்னும் சோடனையும் எவர் வீட்டில் நடக்கலாம், எவர் வீட்டில் நடத்தல் ஆகாது என்ற சாதி வரையறைக்கு உட்பட்டிருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்து ஆடை மரபைப் பற்றிப் பேசுவோர், பூவேலைக்கு முன்னர் இந்த வெறுந்துணியின் வரலாற்றைப் பேசவேண்டும்.

இலங்கைக்குப் பத்திக்கை ஒல்லாந்தர் யாவாவிலிருந்து கொண்டுவந்தனர் என்பது வழமையான கூற்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் பத்தாவியாவுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியமையால் இதில் வியப்பில்லை. ஆயின் இக்கூற்று மட்டும் நிலைக்குமாயின், மெழுகும் சாயமும் எமக்கு முற்றிலும் அந்நியமானவை என்றாகிவிடும். உண்மை அதற்கு மாறானது. சோழமண்டலக் கரையில் உற்பத்தியான சாயத்துணிகள் ஒல்லாந்தர் வருமுன்னரே கிழக்கிந்தியத் தீவுகளின் சந்தைகளில் நிறைந்திருந்தன. மிளகும் சாதிக்காயும் அத்துணிகளுக்கு மாற்றாகவே வாங்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் அத்துணிகளின் வரத்து யாவாவிற் குறைந்தமைக்கும் அங்கே உள்ளூர்ப் பத்திக் உற்பத்தி பெருகியமைக்கும் தொடர்பு உண்டென ஆய்வாளர் கருதுவர். தஞ்சை மராட்டிய அரசவைக்கெனக் கும்பகோணத்தை அடுத்த கோடாலிக் கருப்பூரில் உருவான சேலைகளோ சரிகை நெசவையும் மெழுகுத் தடுப்பையும் ஒருங்கிணைத்தவை. தஞ்சை அரசுரிமையை 1855இல் ஆங்கிலேயர் ஒழித்தபோது, அச்சேலையை வாங்க வேறு எவரும் இல்லாமையால், அக்கலையும் அழிந்தது. அரசனை மட்டும் நம்பிய கலைக்கு அரசனோடு முடிவு.

இவ்வணிக வலையில் யாழ்ப்பாணத்தின் பங்கு சித்திரம் அன்று, வேர். சாயவேர் என்னும் சிறுசெடி மன்னாரிலும் தீவுப் பகுதிகளிலும் வன்னிக் கரையோரத்திலும் மணலில் தானே முளைப்பது. அதன் வேர்ப்பட்டையிலிருந்து கிடைக்கும் செந்நிறம் சோழமண்டலத் துணிகளின் உயிர்நாடி. சுண்ணச் சத்து மிக்க மண்ணில் வளர்ந்த வேர் கூடிய செம்மை தரும் என்பதைச் சாயக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கம்பனி இவ்வேரைத் தன் ஏகபோகமாக்கிற்று. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதியாகவிருந்த சுவார்டெக்ரூன் 1697இல் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்பில் யானையும் பனைமரமும் சாயவேரும் வருமான மூலங்களாக அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. வேர் கிண்டுதல் சாதியடிப்படையிலான கட்டாய ஊழியமாக இருந்தது. வெயிலில் மணலைக் கிளறி வேர் எடுத்தவர்களுக்கு அச்செந்நிறத் துணி உரியதன்று. அவர்களின் உழைப்பு மசூலிப்பட்டினத்துப் பூவாகவும் பழவேற்காட்டுக் கொடியாகவும் மலர்ந்து பத்தாவியாவுக்கும் அம்ஸ்ரடாமுக்கும் சென்றது.

இங்கு தொழினுட்பம் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும். கோலவுருவின் இலக்கணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுவே. பத்திக்கில் மெழுகு பூசிய இடம் சாயத்தை ஏற்காது. ஆதலின் வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குச் செல்லவேண்டும்; ஒவ்வொரு புதிய நிறத்துக்கும் மீண்டும் மெழுகிடல், தோய்த்தல், உலர்த்தல். மெழுகு உருகாதிருக்கச் சாயம் குளிர்ந்ததாக இருத்தல் வேண்டும். நீலம் இதற்கு உகந்தது. சாயவேரோ கொதிநீரில் ஊறித்தான் துணியைப் பற்றும். எனவே சோழமண்டலக் கைவினைஞர் நீலத்துக்கு மெழுகையும் செந்நிறத்துக்குப் படிகாரத்தையும் கையாண்டனர்: படிகார நீரால் வரைந்த இடம் மட்டும் கொதிக்கும் சாயத்திற் சிவக்கும். யாவாவினரோ நுணாவின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேரை எடுத்து, எண்ணெயூட்டிய துணியைத் திரும்பத் திரும்பக் குளிர்ந்த சாயத்தில் ஊறவைத்துச் செந்நிறம் பெற்றனர். ஒரே நிறத்துக்கு இரண்டு கடற்கரைகள் கண்ட இரண்டு தீர்வுகள் இவை. இன்று ‘சாயவேரைக் கொண்டு யாழ்ப்பாணப் பத்திக்கை மீட்டெடுப்போம்’ என ஆர்வமிகுதியாற் கூறுவோர், சாயவேரின் கொதிநீர் மெழுகை உருக்கிவிடும் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு இவ்விரு கரைகளையும் ஒருங்கே தாக்கியது. 1846இல் ஒல்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் தொடங்கப்பட்ட துணியாலை உள்ளிட்ட ஐரோப்பிய ஆலைகள் பத்திக்கை இயந்திரத்தாற் போலிசெய்து யாவாவுக்கே அனுப்பின. அவற்றில் மெழுகுக்குப் பதிலாக இடப்பட்ட பிசின் வெடித்து, நரம்புபோற் கோடுகள் தோன்றின. யாவாவினர் அதனைக் குறையெனத் தள்ளினர். மேற்கு ஆபிரிக்கச் சந்தையோ அதனையே விரும்பி ஏற்றது. 1868-69இல் சாயவேரின் செந்நிறப் பொருளான அலிசரின் யேர்மனிய ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கப்பட்டதும் மன்னார் மணலின் வேருக்கு உலகச் சந்தையில் இடமற்றுப் போயிற்று. ஏறத்தாழ இதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாவாவிலேயே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. ‘சந்திங்’ என்னும் சிறு செப்புக் குவளைப் பேனாவாற் பெண்கள் மாதக்கணக்கில் வரைந்ததை, ‘சாப்’ என்னும் செப்பு அச்சினால் ஆண்கள் ஒரு நாளிற் பல துணிகளில் ஒற்றியெடுத்தனர். கருவி மாறியபோது தொழில் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் வீட்டிலிருந்து பட்டறைக்கும் இடம்பெயர்ந்தது. கோலவுரு மாறவில்லை; அதைச் சூழ்ந்த உறவுகள் மாறின. அழகியல் நூல்கள் இம்மாற்றத்தைச் சிறு அடிக்குறிப்பாகவே கூறிச் செல்லும்.

20ஆம் நூற்றாண்டின் மறுமலர்ச்சிக்கு வருவோம். 1927இல் யாவா சென்ற இரவீந்திரநாத தாகூரின் குழுவினர் வழியாகப் பத்திக் சாந்திநிகேதனத்துக்கு வந்தது. தமிழகத்தில் அது வேறொரு பணியை ஆற்றியது. சென்னைக் கலை, கைப்பணிப் பள்ளியின் முதல்வர் கே. சி. எஸ். பணிக்கரைச் சூழ்ந்த இளம் ஓவியர்கள், ஓவியம் விற்று வாழ இயலாத நிலையிற் பத்திக் துணிகளைச் செய்து விற்றனர். அவ்வருவாய் 1966இல் ஈஞ்சம்பாக்கத்திற் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்க உதவிற்று. கைவினை கலைக்குச் சோறிட்டது எனலாம். எனினும் கலை வரலாற்றில் இடம்பெறுபவை அவர்களின் ஓவியங்களே. அத்துணிகள் எவர் வீட்டு மேசையில் நைந்துபோயினவோ.

இலங்கையில் இம்மறுமலர்ச்சியின் மையம் ஈனா த சில்வா (1922–2015). பொலிஸ் மா அதிபராகவிருந்த சேர் றிச்சட் அலுவிகாரையின் மகளான இவர், 1960களின் முற்பகுதியில் ஓவியர் லக்கி சேனநாயக்கா முதலியோருடன் இணைந்து பத்திக் உற்பத்தியைத் தொடங்கினார். விகாரைக் கொடிகளும் கண்டிய அலங்காரங்களும் காட்டுப் பறவைகளும் அவர்கள் கையிற் பெரிய, துணிச்சலான உருவங்களாயின. ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்பு மண்டபக் கூரையை 1969இல் அவர்களின் பத்திக் அணிசெய்தது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. மத்திய வகுப்பினர் ஐரோப்பியத் திரைச்சீலைகளை நாடிய காலத்தில் உள்நாட்டு உருவங்களுக்கு அவர்கள் கௌரவம் தேடிக் கொடுத்தனர். மாத்தளை அலுவிகாரையின் கிராமப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஆயினும் இரண்டு வரையறைகளைச் சுட்டவேண்டும். முதலாவது, இதன் சந்தை 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டதை அடுத்து வளர்ந்த விடுதிச் சந்தை. தெருவோரப் பத்திக் கடைகளில் யானையும் பெரஹராவும் முகமூடியும் ஓயாது பிரதிசெய்யப்பட்டமை அதன் விளைவே. தேன்மெழுகைவிட மலிவான பரபின் மெழுகு எளிதில் நொறுங்குவதால் துணியெங்கும் வெடிப்புக் கோடுகள் விழுந்தன; யாவாவிற் குறையாகக் கருதப்பட்ட அக்கோடு உல்லாசப் பயணிக்கு ‘அசல் பத்திக்’கின் முத்திரையாயிற்று. மெழுகின் விலை சுவையை ஆக்கிய இவ்வுதாரணத்தை அழகியல் மாணவர் மறத்தலாகாது. இரண்டாவது, ‘தேசியக் கோலவுரு’ என முன்வைக்கப்பட்டது நடைமுறையிற் கண்டிய, பௌத்த உருவத் தொகுதியே. யாழ்ப்பாணத்துப் பனையும் மட்டக்களப்பு வாவியும் அத்தொகுதியின் விளிம்பிற்கூட அரிதாகவே வந்தன.

வடக்கிற் பத்திக் ஏன் வேரூன்றவில்லை என்பதற்கு இதுமட்டும் காரணமன்று. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டின்கீழ் வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்தாலும் மிளகாயாலும் பணம் ஈட்டியது. விடுதிகள் தெற்குக் கரையில் எழுந்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் கைத்தறியை நசுக்கியது. 1983இன் பின் போர். 1990இன் பின்னர் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளும் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் இருந்தன. பத்திக்குக்கு வேண்டியவை மெழுகு, அதை உருக்க நெருப்பு, உருகிய மெழுகை அகற்றக் கொதிநீர். இருளை அகற்றவே மெழுகுவர்த்தி கிடைக்காத நாட்டில் துணிக்கு மெழுகு ஏது? 1995 ஒக்ரோபர் 30இல் நீர்வேலி உட்பட வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது கைகளில் எடுத்துச்சென்ற துணிமூட்டைகளே அக்காலத்தின் துணி வரலாறு.

2009இன் பின்னர் நிலைமை வேறு. ஏ-9 வீதி திறந்தது. போரிற் கணவரை இழந்த பெண்கள் குடும்பத்தைத் தாங்கவேண்டியிருந்தது. அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் தையல், பின்னல், பத்திக் என வாழ்வாதாரப் பயிற்சிகளை அளித்தன. 2009இலேயே இந்தோனேசியப் பத்திக் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2020இல் இலங்கையிற் பத்திக், கைத்தறி ஆகியவற்றுக்கென ஓர் இராசாங்க அமைச்சே உருவாக்கப்பட்டது. இச்சூழலிலேதான் ‘எமது ஊரின் கோலவுருக்கள்’ என்னும் கோரிக்கை நடைமுறை வினாவாகின்றது. தெற்கின் யானையைப் பிரதிசெய்பவள் தெற்கோடு விலையிற் போட்டியிட இயலாது. தனக்கேயுரிய உரு அவளுக்கு வேண்டும்.

எளிதாகக் கைக்கு வருவது கோயில் மரபு: யாளி, அன்னப்பட்சி, மயில், தாமரை, நிறைகுடம், குத்துவிளக்கு. தேரிலும் வாகனங்களிலும் யாழ்ப்பாணத்து ஆசாரிமார் காட்டிய திறன் மறுக்கவியலாதது. ஆனால் இவற்றை ‘நமது பண்பாடு’ எனப் பொதுமைப்படுத்துமுன் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னருங்கூட, 1968இல் மாவிட்டபுரத்திற் போராடியே கோயில் வாயிலைத் தொடவேண்டியிருந்தோர் நம்மிடையே உளர். அவர்களின் தாய்மார் உட்பிரகாரத்து யாளியைக் கண்டதில்லை. அவர்களுக்கு அது எவ்வாறு மரபாகும்?

அத்தாய்மாரிடம் வேறொரு உருவத் தொகுதி இருந்தது. பனையோலைச் சார்வைக் கிழித்து, சிலவற்றுக்குச் சாயமேற்றி, பாயாகவும் பெட்டியாகவும் கடகமாகவும் இழைத்த பெண்கள், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் ஓலையின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே சாய்சதுரமும் படிக்கட்டும் நட்சத்திரமும் கண்டார்கள். கண்டியச் சுவரோவியத்தின் வளைகொடிக்கு நேர்மாறான கோண அழகியல் இது. கலை வரலாற்றாளர் இதனைக் கலையெனவே எண்ணாமையாற் பெயர்கூட இடவில்லை. மெழுகுக்கு வளைகோடு எளிது, கோணம் அரிது என்பர். ஆனால் செப்பு அச்சுக்குக் கோணம் மிக எளிது. யாவாவினர் சர்க்கரைப் பனையின் காயை வெட்டிக் கவுங் கண்டனர். நுங்கை வெட்டினால் வட்டத்துள் மூன்று கண்கள் தோன்றும். மூன்றின் அடுக்கு முக்கோண வலையாகப் படரும். அது யாவாவின் சதுர வலையினின்று இயல்பாகவே வேறுபடும்.

இனி நீர்வேலியின் வாழை. திருமண வாயிலிற் குலையோடு கட்டப்படும் வாழை எல்லாப் பயிற்சி ஏடுகளிலும் உண்டு; அது சடங்கின் வாழை. தோட்டத்து வாழை வேறு. காற்றிற் கிழிந்த இலை, நடுநரம்பிலிருந்து இணைகோடுகளாகப் பிரியும் நரம்புகள், மடல் விரியும் பொத்தி, வெட்டிய தண்டின் குறுக்குமுகத்திலுள்ள அடுக்கு வளையங்களும் காற்றறைகளும், தாயைச் சூழ்ந்து நிற்கும் குட்டிகள். கிழிந்த இலையின் இணைகோடுகள் சந்திங் பேனாவின் இயல்பான ஓட்டத்துக்கு ஏற்றவை. பொத்தியின் மடல்கள் வெளிர் மஞ்சள், செம்மை, கருஞ்செம்மை என மூன்றே தோய்ப்புகளில் அமையும். ஒவ்வொரு கூடுதல் நிறமும் ஒரு நாள் உழைப்பையும் ஓர் அடுப்பின் விறகையும் கேட்பதால் இது சிறு விடயமன்று. துலாவும் பட்டையும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு இடம்கொடுத்து நீண்டகாலமாயிற்று. அவற்றை வரைவது கழிந்துபோன வாழ்வின்மீது கொள்ளும் ஏக்கமாக முடியும். வேலியோரச் செண்பகமும் கிணற்றடி உடும்பும் இன்றும் உள்ளன.

எல்லாத் தாவரமும் குற்றமற்ற தாவரமன்று என்பதும் உண்மை. சங்க இலக்கியத்திற் காந்தள் எனப் பயின்ற கார்த்திகைப்பூ, அலை அலையான சுடரிதழ்களால் எந்த வரைவாளரையும் ஈர்க்கக்கூடியது. விடுதலைப் புலிகள் அதனைத் தேசியப் பூவாக அறிவித்த பின்னர் அவ்வுரு அரசியற் சின்னமாயிற்று. போரின் பின்னர் அது பொதுவெளியில் தோன்றுவது பொலிஸ் விசாரணைக்குரிய விடயமாகவும் ஆகியுள்ளது. சந்தைக்குத் துணி அனுப்பும் பெண் அதனைத் தவிர்ப்பாளாயின் அது அவளது சுவைக்குறைவன்று. சிங்கம் எங்கும் வரையப்படும் நாட்டில் ஒரு பூ வரையப்படாமற் போவதும் கோலவுரு வரலாற்றின் ஒரு பகுதியே.

இறுதியாக, உரு எவருடையது என்னும் வினா. பெக்கலோங்கானில் எலிசா வான் சுய்லன் (1863–1947) என்னும் இந்தோ - ஐரோப்பியப் பெண்ணின் பட்டறையில் ஐரோப்பியப் பூங்கொத்துகள் பத்திக்காக வரையப்பட்டன. துணியின் ஓரத்தில் அவரது கையொப்பம் மெழுகில் இடப்பட்டிருக்கும். இன்று அருங்காட்சியகங்கள் அதைக்கொண்டே அத்துணிகளை இனங்காண்கின்றன. மெழுகிட்ட யாவாப் பெண்களின் பெயர் துணியில் இல்லை. வடக்கின் பயிற்சித் திட்டங்களிலும் உருவை வரைபவர் ஒருவர், நிரப்புபவர் மற்றொருவர், துண்டுக்குக் கூலி, விற்பனை நிலையத்தின் பெயர்ச்சீட்டு என்னும் ஒழுங்கே அமையுமாயின், வாழைப்பொத்தி வந்தாலும் யானை வந்தாலும் உழைப்பவளுக்கு வேறுபாடில்லை. மாற்று வழிக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேடவேண்டியதில்லை. 1970களிற் கள்ளுத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுபட்ட சீவல் தொழிலாளர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, மரத்திலிருந்து விற்பனைவரை தம் பொறுப்பில் எடுத்தனர். அத்தகைய சங்கமொன்றின் கீழ்ச் செப்பு அச்சுகளும் உருவரைப் பதிவேடும் உறுப்பினரின் பொதுவுடைமையாக இருத்தலும், உருவை ஆக்கியவளின் பெயர் பதிவேட்டில் ஏறுதலும், அவ்வுரு பயன்படும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு பங்கு சேருதலும் இயலக்கூடியவையே.